பின்கொடி

அவருடைய அறைக் கதவில் ‘தனியார் துப்பறியும் நிலையம்’ என்று ஒரு பலகை தொங்கியது. நிலையம் என்பது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கதவு சரியாக மூடாத ஓர் இரும்பு அலமாரி. அந்தக் கட்டடத்தில் யாரிடமாவது துப்பறிவாளர் எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். கொடிக்காரர் எங்கே என்று கேட்டால் உடனே மாடிப்படியைக் காட்டுவார்கள். துணி காயப்போடுகிற கொடியால் வந்த பெயர் அது.

துப்பறிய வருவதற்கு முன் பதினொரு வருஷம் ஒரு லாண்டரியின் கவுண்டரில் நின்றவர். அழுக்குத் துணியை வாங்கி, குறி போட்டு, உள்ளே அனுப்புகிற வேலை. மனுஷன் வாயைத் திறந்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவன் சட்டை வேறு சொல்லும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டார். சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்கிறவரின் பாக்கெட் ஓரத்தில் பொசுங்கிய ஓட்டை ஒன்று இருக்கும். ஒருநாள் வாடிக்கைக்காரர் ஒருவர், தன் மகளுக்குப் பார்த்திருந்த பையனின் துணியும் இங்கேதான் வருகிறது என்று கேள்விப்பட்டு, “ஆள் எப்படி?” என்று காதோடு காதாகக் கேட்டார். இவர் சொன்னது அப்படியே பலித்தது. அதோடு லாண்டரியை விட்டுவிட்டு இந்தப் பலகையை மாட்டினார்.

இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. துப்பாக்கி, பூதக்கண்ணாடி எதுவும் கிடையாது. ஒரு குடை, ஒரு நோட்டு. பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். வீட்டுக்கு எதிரே தெருவில் நின்று, அவர்கள் கொடியில் என்ன காய்கிறது என்று மூன்று வெவ்வேறு நாட்கள் பார்ப்பார். எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் வேலைக்குப் போகிறார்கள், ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லப்படுகிற மனிதர் உண்மையில் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் வெயிலில் தொங்கிக்கொண்டிருக்கும். அவருடைய ஒவ்வொரு அறிக்கையும் ‘கொடியில் கண்டவை’ என்ற தலைப்போடுதான் தொடங்கும். “ஊர்ல இருக்கற கொடியெல்லாம் பாக்கத் தெரியுது, மழை வந்தா நம்ம கொடில இருக்கறத எடுத்துப் போடத் தெரியல” என்பது அவர் மனைவியின் நிரந்தரமான புகார். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுற்றி வளைத்துப் பேசுவது அவருக்கு ஆகாது.

தொழிலில் இரண்டு பழக்கங்களைக் கொடிக்காரர் விடாமல் கடைப்பிடித்தார். ஒன்று, யாரைப் பற்றி விசாரிக்கிறாரோ அவரிடம் நேரில் பேச மாட்டார். பேசினால் முகம் பார்த்து மனசு இளகிவிடும் என்பார். இன்னொன்று அவரே கண்டுபிடித்த மரியாதை. ஒவ்வொரு அறிக்கையின் பின்னாலும் தன் பெயர் அச்சிட்ட வெற்றுத்தாள் ஒன்றை இணைத்து, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். சம்பந்தப்பட்ட பெண்ணோ பையனோ தன் சந்தேகங்களை அதில் எழுதி அனுப்பினால், இவர் மறுபடி விசாரித்துப் பதில் சொல்வார். கையெழுத்து எதற்கென்றால், பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையது என்று காட்ட. சந்தேகத்தாள் என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுகிறவரை என்னவென்று சொல்வது என்று மனைவி ஒருமுறை கேட்டதற்கு, நல்லவன் என்று சொல்லலாம் என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு தாள்கூடத் திரும்பி வந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பெண் வந்தாள். முப்பத்துமூன்று, முப்பத்துநாலு வயதிருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவள். மேலே போட்டிருந்த பச்சை அங்கியின் வலது கை மட்டும் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. தேய்க்கிற தூள் படிந்து வெளுத்தது. கொடிக்காரருக்கு அவள் சொல்லுமுன்பே பாதி தெரிந்துவிட்டது.

“எனக்கும் ஒருத்தருக்கும் கல்யாணம்னு பேசி, பதிவு பண்ண தேதியும் குறிச்சாச்சு சார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி திடீர்னு காணாமப் போயிட்டார்.”

“போலீஸுக்குப் போனீங்களா?”

“ரூமக் காலி பண்ணி, சாவிய வீட்டுக்காரர்கிட்ட குடுத்து, நன்றி சொல்லிட்டுப் போயிருக்கார். இதுல போலீஸ் என்ன பண்ணும்? கம்பெனில கேட்டா வேற பக்கத்துக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டாருன்னாங்க. எங்கன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நம்பரையும் மாத்திட்டார்.”

கம்பி நீட்டிவிட்டான் என்று கொடிக்காரர் மனசுக்குள் முடிவு கட்டினார். தொழிலில் இதற்கு நான்கைந்து காரணங்களுக்கு மேல் கிடையாது.

“எப்படிப் பழக்கம்?”

“கண்ணாடி போட வந்தார். அப்புறம் கண்ணாடி சரியில்லன்னு நாலு தடவை வந்தார். கண்ணாடி சரியாத்தான் இருந்துச்சு.” இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. “சார், அவரத் திருப்பிக் கூட்டிட்டு வாங்கன்னு கேக்கல. ஏன் போனார்னு மட்டும் தெரியணும். காலைல தலை வாரும்போது கண்ணாடியப் பாத்தா, எங்கிட்ட என்னமோ இருக்கு, எனக்குத்தான் தெரியலன்னு தோணுது. அது என்னன்னு தெரிஞ்சா போதும்.”

வீட்டில் யார் யார் என்று கேட்டார். அம்மா அப்பா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள், அவளுடைய அக்கா, அக்காவின் ஆறு வயது மகள். அக்கா புருஷனை விட்டு வந்தவள். பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு ஷிப்ட் போடுகிற கிளார்க். விடியுமுன் போய்விடுவாள், சில நாள் இரட்டை ஷிப்ட். பிறந்த நாளிலிருந்து குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு வளர்த்தது இவள்தான்.

“என்னை அம்மான்னு கூப்பிடும் சார். அக்காவ டிப்போம்மான்னு கூப்பிடும். இதெல்லாம் அவருக்கும் தெரியும். எல்லாம் சொல்லியிருந்தேன்.”

எழுந்து போகும்போது, “எங்க அக்கா கல்யாணத்துக்கும் நீங்கதான் சார் விசாரிச்சீங்க. அதான் உங்க ஞாபகம் வந்துச்சு” என்றாள். கொடிக்காரருக்கு ஞாபகம் இல்லை. ஆயிரத்தில் ஒன்று. தலையை மட்டும் ஆட்டி வைத்தார்.

காணாமல் போனவனைப் பிடிக்க அவரிடம் இருந்தது ஒரே ஒரு சீட்டு. கண்ணாடிக் கடையில் அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆர்டர் சீட்டு. சிக்கலெடுக்காத நூல் மாதிரி சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்து. எந்த லிஃப்டாக இருந்தாலும் பழுது பார்க்கிறவன் மோட்டார் அறைக் கதவில் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே கொடிக்காரர் குடையை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய், உயரமான கட்டடம் ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். “லிஃப்ட் கொஞ்சம் ஆடுதே, கடைசியா யார் பாத்தது?” என்று காவலாளிகளிடம் கேட்பார். அவர்களும் சலித்துக்கொண்டு அட்டையைக் காட்டுவார்கள். மூன்று நாள் லிஃப்டில் போய்ப் போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் தரை ஆடியது. நான்காம் நாள் ஓர் ஆறு மாடி அலுவலகத்தில் அந்தச் சிக்கல் நூல் அகப்பட்டது. அடுத்த பராமரிப்பு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்றும் அட்டையே சொன்னது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மெக்கானிக் கருவிப்பையோடு வந்தான். ஒல்லியான, சாதுவான ஆள். கண்ணாடி கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. கொடிக்காரர் தன் பெயர் அச்சிட்ட விலாச அட்டையை நீட்டினார். பெயரைப் படித்ததும் அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

“நீங்களா? நீங்கதானே சார் எழுதி அனுப்பினீங்க? மறுபடி எதுக்கு வந்தீங்க?”

தூக்கிவாரிப்போட்டது கொடிக்காரருக்குத்தான். அவன் கருவிப்பையின் அடியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாளை எடுத்தான். தபாலில் வந்ததாம். அவருடைய பெயர் அச்சிட்ட தாள். அடியில் அவருடைய கையெழுத்து. சந்தேகமே இல்லை, அவரே போட்டதுதான். ஒரு நிமிஷம் தனக்குத்தான் வயசாகி மறந்துவிட்டதோ என்று பயந்தே போனார்.

‘தங்கள் உறவினர் கேட்டுக்கொண்டபடி’ என்று தட்டச்சில் தொடங்கி, ‘கொடியில் கண்டவை’ என்ற அவர் தலைப்போடு விஷயத்துக்கு வந்திருந்தது. ‘முன்கொடியில் படுக்கை விரிப்புகள் இரண்டு. பின்கொடியில் சிறு பெண் குழந்தையின் கவுன் மூன்று, இடது தோளில் ஒட்டுப் போட்ட வெள்ளைப் பெட்டிகோட் ஒன்று. குழந்தை அக்காவுடையது என்று வெளியில் சொல்லப்படுகிறது. உண்மையில் இந்தப் பெண்ணுடையதே. குழந்தை இவரை அம்மா என்றுதான் அழைக்கிறது. தகப்பன் யாரென்று தெரியவில்லை. விஷயத்தைத் தங்களிடம் மறைக்கிறார்கள்.’

“குழந்தை அம்மான்னு கூப்பிடறத நானே காதால கேட்டிருக்கேன் சார். அப்ப மீதியும் நிஜமாத்தானே இருக்கும்?” என்றான் மெக்கானிக்.

“இத நான் எழுதல” என்றார் கொடிக்காரர். அந்தத் தாளை இரவல் வாங்கிக்கொண்டார். அவன் ஏதோ கேட்க வந்து, மென்று விழுங்கிவிட்டு, லிஃப்டுக்குள் போய்விட்டான்.

அன்று பிற்பகலே அந்தப் பெண்ணின் வீட்டுக்கு எதிரே, தெருவில் போய் நின்றார். மூன்றாம் மாடி. பால்கனியில் முன்னால் ஒரு கொடி, அதில் விரிப்புகள் திரை மாதிரி தொங்கின. கொடிக்காரர் இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் நின்று பார்த்தார், எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கே ஏறிப் பார்த்தார். விரிப்புக்குப் பின்னால் இன்னொரு கொடி இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. எந்த வீட்டிலும் அப்படித்தான். சின்னத் துணிகளையும் உள்துணிகளையும் பெரிய துணிக்குப் பின்னால்தான் போடுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஓர் அறிக்கையிலும் பின்கொடியைப் பற்றி எழுதியது கிடையாது, எழுதவும் முடியாது. பின்கொடியைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்குள் நிற்க வேண்டும். ஒட்டுப் போட்டது இடது தோளில் என்று சொல்ல, அந்தப் பெட்டிகோட்டைக் கையில் எடுத்து உதறியிருக்க வேண்டும்.

அந்த வீட்டுக்குள் இருப்பவர்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தி குழந்தை, ஒருத்தி அவரிடம் வந்து நின்றவள்.

அறைக்கு வந்து அலமாரியைக் குடைந்தார். ஒன்பது வருஷத்துக்கு முந்திய கோப்பு, அந்த அக்காவின் கல்யாணத்துக்கானது. மாப்பிள்ளையைப் பற்றி அவரே எழுதியிருந்தார்: ‘சட்டைகள் வெள்ளை வெளேரென்று, ஒழுங்காகக் காயப்போட்டிருந்தன. ஒழுக்கமான மனிதர். தாராளமாகச் செய்யலாம்.’ கடைசியில், ‘இணைப்பு: சந்தேகத்தாள் ஒன்று.’

மறுநாள் டிப்போவுக்குப் போனார். விசாரிக்கப்படுகிறவரிடம் நேரில் பேசக் கூடாது என்ற தன் விதியை, மெக்கானிக்குக்கு அடுத்து, இரண்டாம் முறையாக மீறினார். டிப்போ அக்கா ஷிப்ட் அட்டவணையை மடித்து வைத்துவிட்டு, பழுதுபார்க்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சுக்கு அவரை அழைத்துப் போனாள். தாளைக் காட்டியதும் மறுக்கவில்லை.

“உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்கா?”

“இல்லம்மா.”

“எனக்கு இருக்கு. என்னைப் பொண்ணு பாக்க அந்தாளு முதல்தடவை வந்தப்ப, தண்ணி கொண்டு வந்த எங்கம்மாகிட்ட ஒரு மாதிரி பேசினார். எனக்கு என்னமோ உறுத்திச்சு. இந்தத் தாள்ல எழுதலாமான்னு அப்பாகிட்ட கேட்டேன். அதான் சட்டை வெளேர்னு இருக்காமே, இனி என்ன சந்தேகம்னு மடிச்சுப் பெட்டில வெச்சுட்டார். உங்க பேச்ச நம்பித்தான் கழுத்த நீட்டினேன். அந்தச் சட்டையெல்லாம் துவைச்சது அவர் தங்கச்சி. ஒரு கறை இருந்தா அவளுக்கு அடி விழும். அதான் அவ்வளவு வெள்ளை. அப்புறம் அந்த அடி எனக்கு விழுந்துச்சு.”

ஒரு பஸ் பின்னால் வந்து திரும்பிப் போயிற்று. கொடிக்காரருக்கு அவமானமாக இருந்தது. வேறு எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தாது.

“அதுக்கு உங்க தங்கச்சி என்ன பண்ணிச்சு?”

“ஒண்ணும் பண்ணல. அதான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவ போயிட்டா என் பொண்ணு சாப்பிடாது சார். என் கையால ஒரு வாய் வாங்காது. காய்ச்சல் வந்தா என்னைத் தாண்டி அவகிட்ட ஓடும். நான் என்ன பண்ணுவேன்? அந்த மெக்கானிக்கக் கண்டுபிடிக்க முடியலன்னு அவகிட்ட சொல்லிடுங்க. கொஞ்ச நாள் அழுவா, அப்புறம் மறந்துடுவா. நாங்க மூணு பேரும் எப்பவும் போல இருந்துடுவோம்.”

கெஞ்சிக் கேட்டாலும் அவள் கண்ணில் ஒரு கணக்கு இருந்தது: நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்ற கணக்கு. அது சரியான கணக்குதான் என்பது கொடிக்காரரின் சங்கடம். கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதினால் ஒரு குடும்பம் உடையாமல் இருக்கும். தன் கையெழுத்து எங்கெல்லாம் போய் நின்றது என்ற கதையும் வெளியே வராது. அந்த இரண்டாவது காரணம் இருந்ததாலேயே முதல் காரணத்தை அவரால் நம்ப முடியவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் பரீட்சைத் தாள் திருத்துவதை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?”

“ஏன் போனார்னு.”

“தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“அப்ப அதச் சொல்லுங்க. மத்ததெல்லாம் உங்களக் கேக்கல.”

சனிக்கிழமை அந்தப் பெண் வந்தாள். கொடிக்காரர் பக்குவமாகச் சொல்ல ஒரு பெரிய பேச்சே தயார் செய்து வைத்திருந்தார். தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, எங்கே தொடங்கலாம் என்று தொண்டையைக் கனைத்தார். அதற்குள் அவள் படித்து முடித்துவிட்டாள். மறுபடி மேலே போனாள். பெட்டிகோட் வரியில் விரலை வைத்தாள். அந்த விரல் அங்கேயே நின்றது.

“இது பின்கொடி சார்” என்றாள்.

“ஆமாம்மா.”

“இந்த ஒட்டு நான்தான் போட்டேன். நல்லா போட்டிருக்கேடின்னு அக்கா சொன்னா.”

அதற்கப்புறம் அவர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடியில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று மட்டும் கேட்டாள். தன்னுடையதுதான் என்று சொல்லி, சந்தேகத்தாளின் கதையையும், வெள்ளைச் சட்டைகளின் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தன் பங்கைக் குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. அவள் அழவில்லை. இவர்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நேத்து அவரப் பாத்துப் பொய்யின்னு சொல்லிட்டேன்” என்றார். “கேட்டதும் உக்காந்து அழுதார். எப்ப வரச் சொன்னாலும் வரத் தயாரா இருக்கார்.”

அவள் தபால் உறை இருக்கிறதா என்று கேட்டாள். தாளோடு அவன் அதையும் கொடுத்திருந்தான். அதில் இருந்த முத்திரைத் தேதியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணாடித் துண்டைச் சோதிக்கிற மாதிரி பார்த்தாள்.

“இது வந்தப்புறம் பதினேழு நாள் அவர் எங்கூடப் பேசிட்டிருந்தார் சார். ஒரு ஞாயித்துக்கிழமை பாப்பாவையும் கூட்டிட்டுப் பூங்காவுக்குப் போனோம். அன்னைக்கு பூரா பாப்பா முகத்தையே பாத்துக்கிட்டிருந்தார். பிரியமா பாக்கறார்னு நினைச்சேன்.” உறையை மேஜை மேல் வைத்தாள். “ஜாடை பாத்திருக்கார்.”

கொடிக்காரர் உறையைத் தன் பக்கம் இழுத்துத் தேதியைப் பார்த்தார்.

“அக்கா பயந்துட்டா. பயந்தவ பொய் சொல்லிட்டா. அது தப்பு, நான் அவகிட்ட கேக்கறபடி கேட்டுக்கறேன். ஆனா இவர் ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமே சார். பதினேழு நாள் இருந்துச்சே.”

“நான் என்னம்மா சொல்ல அவர்கிட்ட?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஏன் போனார்னு தெரிஞ்சுக்க வந்தேன். தெரிஞ்சுடுச்சு. எங்கிட்ட ஒண்ணும் இல்ல.” அங்கியின் வெளுத்த கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். படியிறங்கும் சத்தம் கடைசிப் படிவரை நிதானமாகக் கேட்டது.

அன்று மாலையே கொடிக்காரர் மிச்சமிருந்த சந்தேகத்தாள்களை எடுத்து, கையெழுத்துப் போட்ட பாகத்தைக் கிழித்துப் போட்டார். அறிக்கையின் முடிவில் ‘தாராளமாகச் செய்யலாம்’ என்று எழுதும் வழக்கமும் நின்றது. ‘நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியை அவரிடமே நேரில் கேட்டுக்கொள்ளவும்’ என்று எழுதத் தொடங்கினார். நேரில் கேட்கிறதாக இருந்தால் உன்னிடம் ஏன் வருகிறோம் என்று நிறையப் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தத் தெரு வழியே போனவர், பழக்க தோஷத்தில் மூன்றாம் மாடியைப் பார்த்தார். முன்கொடியில் விரிப்புக்குப் பக்கத்திலேயே குழந்தையின் கவுன்கள் தொங்கின. சரியாகப் பிழியாமல், ஒரு தோளில் மட்டும் கிளிப் மாட்டி, கோணல்மாணலாக. துணி காயப்போட்டுப் பழகாத கை. ஆனால் துவைத்திருந்தது. பச்சை அங்கி இல்லை.

கண்ணாடிக் கடை இருக்கும் தெருவுக்கு அவருக்கு அன்று போக வேண்டிய அவசியமே இல்லை. போனார். கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி, இரண்டாம் மாடியில், ஒற்றை ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் கொடி. வலது கை வெளுத்த பச்சை அங்கி அதில் காய்ந்துகொண்டிருந்தது. ஆண் சட்டை எதுவும் இல்லை. அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. அங்கிக்குப் பக்கத்தில், மறைக்க விரிப்பு எதுவும் இல்லாமல், இடது தோளில் ஒட்டுப் போட்ட வெள்ளைப் பெட்டிகோட் ஒன்று தெருவைப் பார்த்துத் தொங்கியது.